மில் கேட்டில் நின்ற லாரி

இது அந்தப் பச்சை இல்லை. அன்றைக்கு இந்த லாரியின் மேல் இருந்ததைப் பச்சை என்றே சொல்ல முடியாது; பஞ்சுத் தூசியும் செம்மண்ணும் எண்ணெய்க் கறையும் ஏறி, குளத்தங்கரையில் ஒதுங்கிக் காய்ந்த பாசி போல ஒரு நிறம். இதுவோ பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த சட்டை போல மடிப்புக் கலையாத பச்சை. மூக்கில் ஒரு வெள்ளை நட்சத்திரம் வேறு. நட்சத்திரம் என்றால் எனக்கு ஒரே நிறம்தான் தெரியும். ஆறுச்சாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்விளக்கை மஞ்சள் துணியால் துடைக்கிறான். வட்டமாக, மெதுவாக, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல. அவன் பெற்ற பிள்ளைகளில் ஒன்றின் மூக்கையாவது அவன் துடைத்து நான் பார்த்ததில்லை. நான் வந்து நிற்பது அவனுக்குத் தெரியும். என் செருப்புச் சத்தம் தெரியும். மில்லில் பிட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பின்னால்தானே நடந்தான். ஆனாலும் விளக்கை முடித்துவிட்டுத்தான் திரும்புவான். "வரமாட்டேன்னியே" என்கிறான், திரும்பாமலே. "இந்தப் பக்கமா ஒரு சோலி" என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவிநாசி ரோட்டுக் கண்காட்சி மைதானத்துக்குள், டிக்கெட் வாங்கி நுழைந்து, எனக்கு என்ன சோலி. அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கொஞ்ச காலமாக அவன் என்னோடு சண்டையே போடுவதில்லை. எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறான். ஆஸ்பத்திரியில் கிடப்பவனிடம் பேசுவதுபோல ஒரு சரிப்பா. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தங்கமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "லாரியப் பாக்கப் போறதுக்கா இஸ்திரி?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. அந்த லாரி மட்டும் அன்றைக்கு நிற்காமல் போயிருந்தால் நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டிருக்கவே வேண்டாம் என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். லாரிக் குருந்தாசலம் என்ற பேரைக் கேட்டுத்தான் அவளுடைய அப்பா பெண் கொடுத்தார்.

லாரிக்குப் பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். யுத்த காலத்தில் அமெரிக்காவில் செய்தது, கப்பலில் வந்தது, பர்மா முனையில் சிப்பாய்களைச் சுமந்தது, யுத்தம் முடிந்து ஏலம் விட்டபோது மீனலோசனி மில் நிறுவனர் எடுத்தார், பிறகு முப்பது வருஷம் பஞ்சுப் பொதி சுமந்தது, இப்போது நான்கு வருஷ உழைப்பில் மறுபிறவி. முதல் தடவை படித்தபோது நடுவில் ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை விரல் வைத்துப் படித்தேன். பிறகு இங்கிலீஷில் இருக்குமோ என்று எழுத்துக் கூட்டினேன். ஸ்ட்ரைக் என்ற சொல்லை நான் எந்த மொழியிலும் அடையாளம் கண்டுகொள்வேன். இல்லை. பர்மா இருக்கிறது, நான் இல்லை. பர்மாவில் இது எதை நிறுத்தியது, யார் கண்டார்கள்? மில் கேட்டில் இது நின்றது, ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஸ்ட்ரைக்கை உடைக்க வந்த கருங்காலிகளைத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார வைத்து உள்ளே கொண்டுபோக வந்த லாரி. நான் குறுக்கே படுத்தேன். நின்றது. என் தலைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் நான்கு விரல். அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். முதல் துண்டறிக்கையில் ஒரு முழம் என்று அச்சாகியிருந்தது, அதை எழுதியவன் நானேதான். சிங்காநல்லூர் பொதுக்கூட்டத்தில் ஒரு சாண் ஆனது. பிறகு வந்த கூட்டங்களில் எப்படியோ நான்கு விரலுக்கு வந்துவிட்டது. பொய் என்று நான் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவன் எதை அளந்தான். வருஷம் போகப்போக அந்தச் சக்கரம்தான் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, நான் அளந்து சொன்னேன், அவ்வளவுதான். கவுன்சிலர் சீட் வேறொருவருக்குப் போனது, சங்கத் தலைமை வேறொருவருக்குப் போனது, மில்லே போனது. அந்தப் பேர் மட்டும் என்னிடம் நின்றது. அதையும் இப்போது தெருப் பையன்கள், "தாத்தா, நீங்க எத்தன லாரி வெச்சிருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். இந்தப் பலகையில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அவர்களைக் கூட்டிவந்து காட்டியிருப்பேன்.

ஆறுச்சாமியாவது சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருஷம் இந்த லாரியோடு ஷெட்டிலேயே கிடந்தானே. மில்லை மூடி இயந்திரங்களை எல்லாம் இரும்பு விலைக்குத் தாட்டிவிட்டபோது, பின்பக்கக் குடோனில் இந்த லாரி சக்கரம் இல்லாமல் கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. முதலாளியின் பேரன் நிதின் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இதைத் தூக்கி நிறுத்தப் போகிறேன் என்றானாம், பழைய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினானாம், ஆறுச்சாமி போய் நின்றுவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. சங்கப் படிப்பகத்துக்குச் சாயங்காலம் வருவதை முதலில் குறைத்தான், பிறகு நிறுத்தினான். அந்தப் படிப்பகத்தில் வைத்துத்தான் நான் அவனுக்கு உபரி மதிப்பைப் புரிய வைத்தேன். நான் எந்தக் காலேஜில் படித்தேன், எட்டணாப் பிரசுரம்தான், கையில் மை ஒட்டும் தாளில் அச்சடித்த சிறு சிறு வெளியீடுகள், முதல் பக்கம் கிழிந்தால் தலைப்பே தெரியாது. அவற்றை நான் சத்தமாகப் படிப்பேன், அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கேட்பான். கேட்பதில் அவனைப்போல ஒருவன் கிடையாது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல. அந்த வாயை இப்போது கார்பரேட்டரிடம் கொடுத்துவிட்டான். எப்போதாவது தெருவில் பார்த்தால், "பொத்தனூர் ஆசாரிகிட்ட பாடிக்குப் பலகை அறுக்கக் குடுத்திருக்குதப்பா", "உக்கடத்துல பழைய டைனமோ ஒண்ணு சிக்கிருச்சப்பா", "இங்கிலாந்துக்காரன் ஒருத்தன் நம்ம வண்டி மாதிரியே வெச்சிருக்கறான், போன்ல படம் அனுப்பறான்". நம்ம வண்டி. நம்ம என்ற அந்தச் சொல்லை நான் அவனுக்கு வேறு எதற்கோ கற்றுக்கொடுத்தேன். ஊட்டி கண்காட்சிக்குப் போனார்கள், கோப்பை வாங்கினார்கள். பெங்களூருக்குப் போனார்கள். ஜெய்ப்பூருக்கு லாரியை டிரெய்லரில் அனுப்பிவிட்டு இவன் நிதினோடு விமானத்தில் போனான். என் ஆறுச்சாமி, மாநாட்டுக்கு மதுரை போகும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்து என் வேட்டியை நாசம் செய்தவன், விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படம் பிடித்து அனுப்பினான். மேகம். வெறும் மேகம். அதை நான் அழித்தேன், மறுநாள் தங்கமணியின் போனில் போய் மறுபடி பார்த்தேன்.

நிதின் வந்துவிட்டான். தாடியை ஒட்ட வெட்டியிருக்கிறான், காக்கி அரைக்கால் சட்டை. "ஐயா, வாங்க, வெயில்ல நிக்கறீங்களே" என்று சொல்லி அவனே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போடுகிறான், அவனே இளநீர் கொண்டுவந்து கொடுக்கிறான். இவனுடைய தாத்தா தொழிலாளிக்கு நாற்காலி போட்டதில்லை. அந்த ஆளை வெறுப்பது எவ்வளவு லேசாக இருந்தது, கதவு தானாகத் திறப்பதுபோல. இவனை வெறுக்க நான் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருக்கிறேன். "ஆறுண்ணன் உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்காருங்கய்யா" என்கிறான். ஆறுண்ணன். "என்ன சொன்னான்?" "நீங்கதான் அவருக்கு வாசிக்கக் கத்துக் குடுத்தீங்களாம்." "அது மட்டுமா சொன்னான்?" அவன் ஆறுச்சாமியைப் பார்க்கிறான், ஆறுச்சாமி டயருக்கு அருகில் உட்கார்ந்து கல் இடுக்கில் சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவுகிறான். அந்தச் சக்கரம். இடது முன் சக்கரம். அது புது டயர், அன்றைய ரப்பர் இல்லை, ஆனாலும் என் பிடரி அதை அறிகிறது. நிதின் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், அதற்குள் யாரோ கூப்பிட, "இதோ வந்துடறேங்கய்யா" என்று ஓடுகிறான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அழகாக, சுருக்கமாக, அவனுடைய குடும்பத்தைக்கூடப் புண்படுத்தாமல் சொல்லத் தயாராக வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவனைக் கூப்பிட்டது எதற்கென்று இப்போது தெரிகிறது. ஒரு காரிலிருந்து ஒரு கிழவரை இறக்குகிறார்கள். மெலிந்த ஆள், வெள்ளை வேட்டி, கண்புரை அறுத்தவரின் தடித்த கண்ணாடி, முதுகு மட்டும் ஆணி அடித்ததுபோல நிமிர்ந்து. ஆறுச்சாமி ஓடுகிறான். எனக்கு முதுகைக் காட்டியவன், அவருக்கு ஓடுகிறான். கழுத்தில் மாலை போடுகிறார்கள். மைக் வைத்திருக்கும் பெண் அறிவிக்கிறாள்: இந்த மிலிட்டரி லாரியை மில் காலத்தில் ஓட்டிய டிரைவர் பொங்கியண்ணன் அவர்கள், இன்றைக்கு அணிவகுப்பில் அவரே ஓட்டுகிறார். கை தட்டுகிறார்கள். பொங்கியண்ணன். இந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. என் பேச்சுகளில் அவன் வெறும் டிரைவர். சில கூட்டங்களில் கூலிக்கு வந்த கையாள். நல்ல மனநிலையில் இருந்தால் அவனும் ஏமாற்றப்பட்ட ஒரு தொழிலாளி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல். மைக்கில் அவள் சொல்லிக்கொண்டு போகிறாள்: அந்த நிழலுக்கு அன்னூரில் ஒரு வீடு இருந்திருக்கிறது, ஆறுச்சாமி அதைத் தேடிக் கண்டுபிடித்து, போன வருஷமே போய்ப் பார்த்து, இன்றைக்குக் கார் அனுப்பி அழைத்து வந்திருக்கிறான். நான் இரண்டு பஸ் மாறி வந்தேன். கருங்காலிகளை ஏற்றி வந்தவனுக்குக் கார், தடுத்தவனுக்கு டவுன் பஸ். இதைத் துண்டறிக்கையில் போட்டால் ஒரு வரி போதும். ஆனால் இப்போது துண்டறிக்கை அச்சடிக்க யார் இருக்கிறார்கள், அடித்தால் கையில் வாங்க யார் இருக்கிறார்கள். பையன்களும் பெண்களும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் ஒவ்வொரு படத்துக்கும் முகவாயைத் தூக்குகிறார். அந்த முகவாயைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த இளநீரைக் குடித்துத் தீர்க்கிறேன். எனக்குக் குரோதம் வந்திருந்தால் அது அரசியல். இது அது இல்லை. ஒருவன் கழுத்து மாலையைப் பார்த்து என் கழுத்து அரிப்பது.

அவர் பானெட்டின் பக்கவாட்டு மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறார். "ஏனப்பா, சாக்கு எங்க?" என்கிறார். "சாக்கு இல்லீங்ணா" என்கிறான் ஆறுச்சாமி. "பெட்ரோல் பம்பு சூடேறாம இருக்க மேல ஈரச் சாக்கு கட்டோணும். வெயில் காலத்துல அது இல்லாம இத எடுக்கவே கூடாது. உனக்குத் தெரியாதா?" "தெரியுமுங். கட்டுனா மார்க்கக் கொறச்சுருவாங்க. கம்பெனில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கோணும், நட்டு போல்ட்டு எல்லாம் ஒரிஜினல். சாக்கு ஒரிஜினல் இல்லீங்களே." பொங்கியண்ணன் சிரிக்கிறார். "நானும் ஒரிஜினல் இல்லடா. இதோட ஒரிஜினல் டிரைவரு பர்மாவுல செத்திருப்பான்." எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆறுச்சாமி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்த வாய். நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாததால் துண்டைச் சரி செய்கிறேன். நிதின் அருகில் வந்து, "ஐயா, நீங்களும் வாங்க, பின்னாடி ஏறிக்கலாம், குழந்தைங்கல்லாம் வர்றாங்க" என்கிறான். பின்னாடி. தார்ப்பாய்க்கு அடியில். கருங்காலிகள் உட்கார்ந்த பலகையில். "எனக்கு நடந்தே பழக்கம்" என்கிறேன். நல்ல பதில்தான், ஆனால் அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. "சரிங்கய்யா, ஜாக்கிரதையா வாங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளைத் தூக்கி ஏற்றுகிறான். ஆறுச்சாமி முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறுகிறான்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. இந்தச் சத்தம். கண்ணை மூடினால் இருபத்திரண்டு வயது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடக்கும் வேகத்தில் மைதானத்தைச் சுற்றி மேடையை நோக்கிப் போகின்றன, கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் லாரிக்குச் சமமாக நடக்கிறேன். மக்களை ஒதுக்கிக்கொண்டு, ஒருவர் காலை மிதித்து. ஏன் நடக்கிறேன். பின்தங்கினால் என்ன. பின்தங்கக் கூடாது. அன்றைக்கும் இப்படித்தான் வெயில். கேட்டுக்கு வெளியே ஆட்களை நான்தான் நிறுத்தினேன். பெண்கள் கேட்டுக்கு நேராக, நூற்புப் பகுதி ஆட்கள் மதில் ஓரமாக. ஆறுச்சாமியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, போலீஸைப் பார்த்தால் அவனுக்கு அப்படி ஆகும், ஆகவே அவனை முன்னால் வைக்கவில்லை, ரோட்டில் தள்ளியிருந்த வேப்பமரத்தடிக் குழாய்க்கு அனுப்பினேன். "இங்க உக்காந்துக்க. நம்ம ஆளுகளுக்கு மட்டும்தான் தண்ணி. வேற எவனுக்கும் ஒரு சொட்டுப் போகக் கூடாது." கோழைக்குக் கொடுக்கும் காவல். அவன் அதையும் ஒழுங்காகச் செய்தான் என்று பிறகு சொன்னார்கள். லாரி வருகிறது என்று யாரோ கத்தினார்கள். நான் ஓடினேன், படுத்தேன். ஓடியது ஞாபகம் இருக்கிறது, தார் சுட்டது முதுகில் ஞாபகம் இருக்கிறது, கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது. பிறகு சத்தம் மட்டும். பெரிதாகிக்கொண்டே வந்த சத்தம், பற்களுக்குள் வந்துவிட்ட சத்தம், பிறகு ஒரு இழுப்பு, பெருமூச்சு, அமைதி. லாரி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு நின்றது என்று மேடையில் சொல்வேன், கை தட்டுவார்கள். அந்த இடத்தில் எப்போதும் தட்டுவார்கள். பிறகு போலீஸ்காரர்கள் என்னைத் தூக்கிப் போனார்கள், சிறை, அந்த மாதமே மில் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு இறங்கியது, போனஸ் வந்தது. டிரைவர் என்ன நினைத்திருப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தேனா. யோசித்தேன். பிரேக்கை மிதித்த அந்தக் காலை யோசித்திருக்கிறேன். என்னைக் கண்டு பயந்த கால். வயதான பிறகு தூக்கம் வராத நேரங்களில் அந்தக் காலுக்கு ஒரு முகம் கொடுக்கப் பார்ப்பேன். இப்போது அந்த முகம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால், மாலையோடு, கியர் மாற்றும்போது கிளட்சை இரண்டு தரம் மிதித்து, ஆறுச்சாமியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு.

மேடைக்கு நேரே வந்ததும் லாரி இழுத்தது. ஒரு இழுப்பு, இன்னொன்று, பிறகு பெருமூச்சு. அமைதி. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெருமூச்சு எனக்குத் தெரியும். இதை நான் ஐம்பது வருஷமாக மேடைகளில் வாயால் செய்து காட்டியிருக்கிறேன். யாரும் குறுக்கே படுக்கவில்லையே. குறுக்கே ஒரு நாய்கூட இல்லையே. பொங்கியண்ணன் இறங்கிப் பானெட் மூடியைத் தூக்குகிறார். "பெட்ரோலு கொதிக்குது, பம்புல காத்து அடைச்சிருச்சு. தண்ணியும் துணியும் கொண்டா" என்கிறார். ஆறுச்சாமி மஞ்சள் துணியை நீட்டுகிறான். "இது மெழுகு ஊறுன துணி, தண்ணி குடிக்காது. வேற கொண்டா." ஆறுச்சாமி சுற்றிப் பார்க்கிறான், கயிற்றுக்கு அருகில் என்னைக் காண்கிறான், வருகிறான், ஒன்றும் கேட்காமல் என் தோளிலிருந்து சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு போகிறான். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து அவன் பின்னால் போகிறேன். அவன் பின்னால் நான். துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றுகிறார்கள், ஆவி வருகிறது. மைக்கோடு அந்தப் பெண் வந்துவிட்டாள், பொழுது போகவேண்டுமே. "என்னாச்சுங்க ஐயா?" பொங்கியண்ணன் மைக்கைக் கையிலேயே வாங்கிக்கொள்கிறார். "இது இதுக்குப் பழைய வியாதி அம்மிணி. ஒருக்கா மில்லு கேட்டுகிட்டயே கவுத்திருச்சு. ஸ்ட்ரைக்கு சமயம், உள்ளுக்கு ஆளுகள ஏத்திட்டு வாரேன். கேட்டுக்கு வெளிய, கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடில ஒரு கொழாய். எப்பவும் அங்க நிறுத்திச் சாக்க நனச்சுக்குவேன். அன்னிக்கு ஸ்ட்ரைக்குக்காரன் ஒருத்தன் கொழாயக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறான். கை கிடுகிடுன்னு நடுங்குது, ஆனா ஒரு சொட்டுக் குடுக்கமாட்டேங்கறான். மெரட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். எங்க தலைவர் குடுக்கக் கூடாதுன்னுட்டாருங்கறான். வேற வழி, காஞ்ச சாக்கோட எடுத்தேன். கேட்டு வரைக்கும் வந்துச்சு, நின்னுருச்சு. நின்னது நின்னதுதான், பொழுது எறங்கறவரைக்கும் நவுரல." கூட்டம் சிரிக்கிறது, கை தட்டுகிறது. அந்த இடத்தில் தட்டுகிறது.

ஆறுச்சாமி. என் ஆறுச்சாமி. துண்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான், நிமிரவில்லை. இந்த லாரியை நிறுத்தியவன் இவன், குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. "அன்னூர்லயே சொன்னாருப்பா" என்கிறான் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "போன வருஷமே." போன வருஷம். அப்படியானால் அந்தச் சரிப்பாக்கள். சண்டை போடாத மாதங்கள். பலகையில் இல்லாத வரி. தெரிந்துகொண்டு, நெஞ்சில் வைத்துக்கொண்டு, எனக்குப் பதமாக நடந்திருக்கிறான். நான் அவனைக் கோழை என்று காவல் வைத்தேன், அவன் என்னைக் கிழவன் என்று காவல் வைத்திருக்கிறான். அந்தப் பேரை அவன் எடுத்துக்கொண்டிருந்தால் பிடுங்கிக்கொள்ளப் போராடியிருப்பேன். அவன் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கே விட்டு வைத்திருக்கிறான், பழைய சட்டையை வேலைக்காரனுக்கு விடுவதுபோல. நான் உத்தரவிட்டதால்தானே உட்கார்ந்தான், ஆக நிறுத்தியது நான்தானே என்று மனம் ஓடுகிறது, ஓடிப்போய் ஒரு முட்டுச் சந்தில் நிற்கிறது. முதலாளிமார்கள் அப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். மைக் வைத்திருக்கும் பெண் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். நான் பொங்கியண்ணனுக்கு அருகில் போகிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "அன்னைக்கு முன்னால ஒருத்தன் படுத்திருந்தான். பாத்தீங்களா?" அவர் தடித்த கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். "நீங்களா அது?" "பாத்தீங்களா?" "பாத்தேனுங்க. வெள்ளச் சட்ட. ஓடியாந்து படுத்தீங்க." "வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்ச பின்னாலயா, முன்னாலயா?" "முன்னாலதானுங்க. அப்ப நல்லா ஓடிட்டிருந்துச்சு." "அப்புறம் பிரேக் போட்டீங்க." அவர் கையை வேட்டியில் துடைக்கிறார். மேடையைப் பார்க்கிறார். "இல்லீங்க" என்கிறார். "நிறுத்துனா வேலை இல்லேன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. கிட்ட வந்தா எந்திரிச்சு ஓடீருவீங்கன்னு நெனச்சேன். நீங்க எந்திரிக்கல. நானும் பிரேக்குல கால வெக்கல. வண்டி அதுவா நின்னுச்சுங்க. ரெண்டு பிள்ளைக அப்ப எனக்கு." பிறகு, "உங்க பேருகூட எனக்குத் தெரியாதுங்க" என்கிறார். ஆறுச்சாமியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அப்படியே நிற்கிறது. இது அவனுக்கும் தெரியாது. அன்னூரில் இதை அவர் சொல்லவில்லை. இது எனக்கு மட்டும் சொன்னது. நான் பயந்திருக்க வேண்டும், அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும், எனக்கு வந்ததோ வேறு. பார்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டை என்று சொல்கிறார். ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஏறுங்ணா, ஆறிருச்சு" என்கிறான் ஆறுச்சாமி. அவர் ஏறுகிறார், என்ஜின் பிடிக்கிறது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. நான் லாரிக்கு முன்னால் இருக்கிறேன். எப்போது வந்து நின்றேன் என்று தெரியவில்லை, வெள்ளை நட்சத்திரம் என் மார்புக்கு நேராக இருக்கிறது. படுக்கவில்லை, முட்டி இப்போது அதற்கு ஒத்துழைக்காது. நிற்கிறேன். கியர் விழும் சத்தம், லாரி ஒரு அடி அசைந்து, நின்றது. "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால நவுருங்க" என்கிறார் பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. நிதின் "ஐயா, ஐயா" என்று மேடைப் பக்கத்திலிருந்து வருகிறான். ஆறுச்சாமி பக்கவாட்டில் நின்று டிரைவரைப் பார்த்து உள்ளங்கையைத் தூக்குகிறான், பொறுங்க என்று. மறுபடியும் இவன். எனக்காக நிற்கிறதா, இவன் கைக்காக நிற்கிறதா. "கையை எறக்குப்பா" என்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான். "எறக்குடா." கொஞ்ச காலமாகக் கேட்காத பழைய சிடுசிடுப்பு அவன் முகத்தில் வருகிறது, "புத்தி கெட்டவனே, வெயில்ல சூடேறுது, துண்டு காஞ்சா மறுக்கா படுத்துரும்" என்கிறான், ஆனாலும் இறக்குகிறான். இப்போது குறுக்கே நான் மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் பொங்கியண்ணனின் தோள் இறுகியிருப்பது தெரிகிறது, முழு எடையையும் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார், கண் என் மேல். நான் கண்ணை மூடவில்லை. பம்பில் சுற்றிய என் சிவப்புத் துண்டிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது. என்ஜினின் தாளத்தில் எங்கோ ஒரு சின்ன இழுப்பு. இன்னொரு இழுப்பு வந்தால் அது தானாக நிற்கும், பிறகு யார் நிறுத்தினார் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அவசரப்படாமல் வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினேன். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விலகினேன்.